ஒருவரும் சாகாத கதைகள்

கடந்த ஆண்டு ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகள், திரும்பிப் போகும்போது மூன்று புத்தகங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட ஜப்பானியச் சித்திரக்கதைகள். ஒன்றின் அட்டையில் பாடசாலைச் சீருடையில் இரு இளைஞர்கள். என் முகம் போன போக்கை அவள் கவனித்திருக்க வேண்டும். "மாமா, பயப்பிடாம வாசியுங்கோ. இதில ஒருதரும் சாகமாட்டினம்" என்றாள்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து, அதில் பாதிக் காலத்தை மரணச் செய்திகளுக்குத் தலைப்பிடுவதிலேயே கழித்த ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான சிபாரிசு இருக்க முடியாது. வாசித்தேன். வாசித்த பின்னர், தொழிற்பழக்கம் காரணமாக, இவை எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். மருமகள் விளையாட்டாகச் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அரை நூற்றாண்டு வரலாறு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் அறிந்துகொண்டேன்.

எங்கள் தலைமுறைக்குச் சித்திரக்கதை என்றால் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ்தான். இரும்புக்கை மாயாவியை இரவல் வாங்கி, அட்டை கிழிந்த நிலையில் வாசித்தவர்கள் நாங்கள். அவற்றில் ஆண்கள் அடிப்பார்கள், அடிபடுவார்கள்; அழமாட்டார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்துக்கொண்டு மூன்று பக்கத்துக்குப் பேசாமல் நிற்கும் சித்திரக்கதை ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. நான் சொல்லப்போகும் வகைக்கு ஆங்கிலச் சொற்களைக் கொண்டே ஜப்பானியர் ஆக்கிக்கொண்ட பெயர் 'போய்ஸ் லவ்', சுருக்கமாக பீ.எல். ஆணும் ஆணும் கொள்ளும் காதலைப் பற்றிய கதைகள் இவை. எழுதி வரைபவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாசிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். புதியவர்களை முதலில் திகைக்க வைப்பது இதுதான். என்னையும் திகைக்க வைத்தது.

ஆனால் இதே திகைப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் முடியும். சங்க அகப்பாடல்களில் தலைவியின் குரலிலும் தோழியின் குரலிலும் பாடியவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண் புலவர்கள். தம் குரலில் சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் சொல்ல அவர்களுக்குப் பெண்ணின் குரல் தேவைப்பட்டது. நாம் அதைக் குறித்து இரண்டாயிரம் ஆண்டுகளாக வியப்படையவில்லை. ஜப்பானில் 1970களில் இருபது வயதைத் தாண்டிய சில பெண்களுக்கு ஆண்பிள்ளைகளின் குரல் தேவைப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பெண்கள் யார் என்பதிலிருந்து தொடங்கலாம்.

போருக்குப் பிந்திய ஜப்பானில் சிறுமிகளுக்கான சித்திரக்கதைகளை ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆண்களே வரைந்தார்கள். தெசுகா ஒசாமு 1953 இல் வரையத் தொடங்கிய 'இளவரசி வீரன்' அவற்றுள் புகழ்பெற்றது. 1960களின் பிற்பகுதியில் இதே சஞ்சிகைகளை வாசித்து வளர்ந்த பெண்கள் தாங்களே வரையத் தொடங்கினார்கள். இவர்களிற் பலர் 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஜப்பானிய ஷோவா ஆண்டுக் கணக்கில் அது 24 ஆம் ஆண்டு. ஆகவே பிற்காலத்து விமர்சகர்கள் இவர்களை '24 ஆம் ஆண்டுக் குழு' என்று அழைக்கலானார்கள். குழு என்று ஒன்று முறையாக இருந்ததில்லை. இருந்தது ஒரு வீடு.

டோக்கியோவின் நெரிமா வட்டாரத்தில் ஓஇசுமி என்ற இடத்தில், முட்டைக்கோவாத் தோட்டங்களுக்கு நடுவே நின்ற பழைய வாடகை வீடு அது. 1970 இன் பிற்பகுதியில் தகேமியா கெய்கோவும் ஹகியோ மோதோவும் அதில் குடியேறினார்கள். தகேமியா தொக்குஷிமாவில் பிறந்தவர். ஏற்கெனவே ஓரளவு பெயர் பெற்றவர். ஹகியோ தெற்கே ஒமுதா என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்தில் பிறந்தவர். அவர் சித்திரக்கதை வரைவதை அவருடைய பெற்றோர் விரும்பவில்லை. அவர் புகழடைந்த பின்னரும் நெடுங்காலம் விரும்பவில்லை. ஒரு பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்பிய அவருடைய கதைகளை ஷோககுகன் நிறுவனத்தின் யமமோதோ ஜுன்யா என்ற ஆசிரியர் வாங்கிப் பிரசுரித்தார். அந்த ஒரு மனிதர் இல்லாவிட்டால் இந்த வரலாறு வேறு விதமாக இருந்திருக்கும். ஆசிரியர் மேசையில் இருந்தவன் என்ற வகையில் இதை நான் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னர் வருகிறேன்.

வீட்டுக்கு எதிரே குடியிருந்தவர் மசுயாமா நோரியே. அவர் வரைபவர் அல்லர், வாசிப்பவர். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களையும், ஐரோப்பியத் திரைப்படங்களையும், வியன்னாச் சிறுவர் பாடகர் குழுவின் இசையையும் இரு தோழிகளுக்கும் அறிமுகப்படுத்தியவர் அவரே. 1972 இல் இந்த மூவரும் யமகிஷி ரியோகோ என்ற இன்னொரு ஓவியரும் சேர்ந்து, கப்பலில் சோவியத் கரைக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் சுமார் 45 நாள்கள் சுற்றினார்கள். தாங்கள் வரையும் கல் வீதிகளையும் விடுதிப் பாடசாலைகளையும் நேரிற் காண்பதற்காகப் போனார்கள் என்று நினைக்கும்போது ஒரு செய்தியாளனுக்கு மரியாதை பிறக்கிறது.

இனி, மருமகள் சொன்ன சாவு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெண்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் மோரி மாரி. பெரும் எழுத்தாளர் மோரி ஓகாயின் மகள். அவர் 1961 இல் வெளியிட்ட 'காதலர்களின் காடு' இரு ஆண்களின் காதலைச் சொல்கிறது, ஒருவர் கொல்லப்படுகிறார். 1964 இல் பிரெஞ்சு இயக்குநர் ஜான் தெலனுவா எடுத்த ஒரு படத்தில், கத்தோலிக்க விடுதிப் பாடசாலையில் படிக்கும் இரு சிறுவர்களின் நேசத்தைக் குருமார் பிரித்துவிட, இளையவன் ரயிலிலிருந்து குதித்து இறக்கிறான். ஹகியோ 1970 இல் இந்தப் படத்தைப் பார்த்தார். அதே ஆண்டு டிசம்பரில் தகேமியாவின் சிறுகதை ஒன்று வெளிவந்தது. பெண்களுக்கான சஞ்சிகையில் இரு சிறுவர்களின் காதலை வெளிப்படையாகக் காட்டிய முதற் கதை அது என்பார்கள். அதிலும் ஒருவன் சாகிறான். 1971 இல் ஹகியோவின் 'நவம்பர் விடுதிப் பாடசாலை' வந்தது; அதிலும் ஒரு சாவு.

ஏன் இத்தனை சாவுகள்? ஒரு காதலுக்கு உலகத்தில் வீடு கட்டக் காணி இல்லையென்றால் கதாசிரியருக்கு எஞ்சியிருப்பது மயானம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவு அந்தக் காதலைத் தூய்மையாக்குகிறது, ஆசிரியரின் சிவப்புப் பேனாவிலிருந்து காப்பாற்றுகிறது, வாசகருக்கு அழக் காரணம் கொடுக்கிறது. எல்லாருக்கும் வசதி, செத்தவனைத் தவிர.

'நவம்பர் விடுதிப் பாடசாலை'யை முதலில் பெண்கள் பாடசாலையை வைத்தே வரைந்து பார்த்ததாக ஹகியோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். சரிப்படவில்லை. பெண்பிள்ளைகளாக வரைந்தபோது, அக்காலத்துச் சிறுமியர் கதைகளின் கூச்சமும் சிரிப்பும் உள்ளே வந்துவிட்டன. பையன்களாக மாற்றியதும் அவர்கள் நினைத்ததைப் பேசினார்கள், நினைத்த இடத்துக்குப் போனார்கள். இந்த வகைச் சித்திரக்கதையின் ஈர்ப்புக்கு நான் கண்ட விளக்கங்களுள் ஆக எளிமையானதும் ஆக உண்மையானதும் இதுவே. அக்காலத்துச் சிறுமியர் கதையில் பெண்ணுக்கு ஒரே ஒரு பெரிய சம்பவம்தான் உண்டு. ஒருவன் அவளைத் தேர்ந்தெடுப்பான். தேர்ந்தெடுக்கப்படக் காத்திருக்காமல், தானே விரும்பி, தானே தயங்கி, தானே தவறு செய்யும் ஓர் உயிராக வாசகி தன்னைக் கற்பனை செய்துகொள்ள ஒரு பையனின் உடல் இரவல் கொடுத்தது. இருவருமே பையன்கள் என்றபோது, யார் யாருக்குச் சமைக்க வேண்டும், யார் யாருக்கு அடங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதி எதுவும் இல்லாமற் போய்விட்டது. ஒவ்வொன்றையும் அந்த இருவரும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பேசித் தீர்ப்பதுதான் குணசித்திரம்.

1974 மே மாதம் ஹகியோவின் 'தோமாவின் இதயம்' வார சஞ்சிகை ஒன்றில் தொடங்கியது. முதல் வாரத்து வாசகர் கருத்துக்கணிப்பில் அதற்குக் கடைசி இடம். நிறுத்திவிடலாம் என்றது ஆசிரியபீடம். இன்னும் சில வாரம் பொறுங்கள் என்று ஹகியோ கேட்டுக்கொண்டார். அந்த இடைவெளியில் அவருடைய முந்திய தொடரான 'போ குடும்ப'த்தின் முதல் தொகுதி நூலாக வெளிவந்து, 30,000 பிரதிகளும் மூன்று நாள்களில் விற்றுத் தீர்ந்தன. ஆசிரியபீடம் மனத்தை மாற்றிக்கொண்டது. தொடர் டிசம்பர் வரை ஓடியது. விற்பனைப் பிரிவு இலக்கியத்தைக் காப்பாற்றிய அபூர்வ சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

கதை ஜேர்மனிய விடுதிப் பாடசாலை ஒன்றில் நடக்கிறது. தோமா என்ற சிறுவன் ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்திலிருந்து விழுந்து இறக்கிறான். மூத்த மாணவனான யூலிக்கு அவன் அனுப்பிய கடிதம் அதன்பின் வந்து சேர்கிறது. சில நாள்களில் தோமாவைப் போலவே தோற்றமுள்ள எரிக் புதிய மாணவனாக வருகிறான். இங்கேயும் சாவு உண்டு. ஆனால் அது முதற் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. முந்திய கதைகளில் சாவு முடிவு. இங்கே அது தொடக்கம். மீதி நூற்றுக்கணக்கான பக்கங்களும் உயிரோடிருப்பவர்கள் எப்படி மேலும் உயிரோடிருப்பது என்பதைப் பற்றியவை. யூலியின் அறைத்தோழன் ஒஸ்கார். யூலிக்கு நேர்ந்த கொடுமையை அவன் அறிவான், அறிந்தும் கேட்பதில்லை. கேட்காமல் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறான். எனக்கு இந்த நூலில் ஆகப் பிடித்த பாத்திரம் அவனே. கோப்பெருஞ்சோழனுக்குப் பிசிராந்தையார் வருவார் என்று இடம் ஒதுக்கி வைத்த கதையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒஸ்காரைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. இன்று என் மருமகள் வாசிக்கும் மென்மையான கதைகளின் வேர் தோமாவில் இல்லை, ஒஸ்காரில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தகேமியாவின் பாதை வேறு. 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' என்ற நெடுங்கதையை அவர் 1970 அளவிலேயே மனத்தில் வரைந்துவிட்டார். எந்த ஆசிரியரும் அதைத் தொட விரும்பவில்லை. ஆகவே 'பாரோவின் கல்லறை' என்ற வேறொரு தொடரை 1974 இல் தொடங்கி, அதில் வாசகர்களைத் திரட்டி, அந்தச் செல்வாக்கைக் கொண்டு 1976 இல் தன் கதையை அச்சேற்றினார். அது 1984 வரை நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சின் தென்பகுதியில் ஒரு பாடசாலை. பெரியவர்களால் சிதைக்கப்பட்ட ஜில்பேர் என்ற சிறுவன். அவனை மீட்க முயலும் சேர்ஜ். சிறுவர்கள் மீது பெரியவர்கள் செய்யும் வன்முறையை அது மூடாமற் காட்டியது. என்னால் அதை முழுதாக வாசிக்க முடியவில்லை. வாசிக்க முடிந்தவர்களோடு வாதிடவும் மாட்டேன். முடிவு நீங்கள் எதிர்பார்ப்பதே. ஜில்பேர் வண்டிச் சில்லுக்குள் அகப்பட்டு இறக்கிறான்.

ஓஇசுமி வீடு 1973 இல் கலைந்தது. ஏன் கலைந்தது என்பதை இரு பெண்களும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சொல்லவில்லை. 2016 இல் தகேமியா தன் நினைவுகளை நூலாக்கினார். தோழியின் திறமை தன்னைப் பதற்றத்துக்கும் பொறாமைக்கும் உள்ளாக்கியதையும், விலகியிருக்கும்படி தானே கேட்டதையும் அதில் எழுதினார். நூல் வந்ததும் பழைய தோழியர் இருவரையும் மேடையேற்றப் பலர் முயன்றார்கள். அந்தத் தொல்லை பொறுக்காமல் 2021 இல் ஹகியோ 'ஒரே ஒரு தடவை சொல்லும் ஓஇசுமிக் கதை' என்ற நூலை வெளியிட்டார். ஆண்பிள்ளைகள் பாடசாலையைப் பற்றி நீ ஏன் வரைந்தாய் என்று தன்னிடம் கேட்கப்பட்டதையும், நெருங்கி வரவேண்டாம் என்ற கருத்துப்பட ஒரு கடிதம் தன் கையிற் கொடுக்கப்பட்டதையும், தன் உடல்நலம் குலைந்து ஊரைவிட்டே போனதையும் அதில் சொன்னார். அன்றிலிருந்து தகேமியாவின் படைப்புகளை அவர் வாசிக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இரு பையன்களின் நெருக்கத்தையும் பிரிவையும் அத்தனை நுட்பமாக வரைந்த இரு பெண்களுக்கு இடையிலேயே நெருக்கமும் பிரிவும் இருந்திருக்கின்றன. அவற்றுக்குச் சொல் கிடைக்க இத்தனை காலம் சென்றிருக்கிறது.

இதற்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களோடு தொடங்கிய 'கொமிக்கெற்' என்ற சொந்தப் பிரசுரச் சந்தைக்கு வந்த சுமார் 700 பேரிற் பெரும்பாலோர் ஹகியோவையும் தகேமியாவையும் வாசித்த பள்ளி மாணவிகள். 1978 இல் இந்த வகைக்கென்றே 'ஜுனே' என்ற சஞ்சிகை வந்தது. 'யாஒய்' என்ற கேலிப்பெயரும் அக்காலத்திலேயே பிறந்தது. உச்சமில்லை, முடிவில்லை, பொருளில்லை என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. வரைந்த பெண்கள் தம்மைத்தாமே கேலிசெய்து வைத்த பெயர். 1990களில் வணிகப் பதிப்பகங்கள் உள்ளே வந்தன. சந்தை பெருத்தது, கதை சுருங்கியது. ஒருவன் மற்றவனைப் பலவந்தப்படுத்துவதைக் காதல் என்று காட்டும் கதைகள் மலிந்தன. 'நான் அப்படிப்பட்டவன் அல்லன், உன்னை மட்டுந்தான் விரும்புகிறேன்' என்ற வசனம் வாய்பாடாயிற்று. அந்த வசனத்துக்குள் ஒளிந்திருந்த வெறுப்பை மிசோகுச்சி அகிகோ என்ற ஆய்வாளர் பின்னாளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

1992 இல் சதோ மசகி என்ற ஒருபால் விருப்புள்ள ஆண், சிறிய பெண்ணிய ஏடு ஒன்றில் கடுமையாக எழுதினார். எங்கள் வாழ்க்கை உங்கள் பொழுதுபோக்குக்கு அல்ல என்பதே அவருடைய குற்றச்சாட்டின் சாரம். சில ஆண்டுகள் நீடித்த அந்த விவாதத்தில் பெண்கள் பலர் கோபப்பட்டார்கள், சிலர் யோசித்தார்கள். யோசித்தவர்களால்தான் இந்த வகை மாறியது.

அதே தொண்ணூறுகளில் கொழும்பில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் மேலே சொன்ன எதையும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

1998 இல் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சிறுகதைகளைத் தெரிவு செய்வது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த இளைஞர் ஒருவர் ஒரு கதையைக் கொண்டுவந்து நேரிற் தந்தார். விடுதிப் பாடசாலையில் ஒன்றாகப் படித்த இருவர். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் பிரிகிறார்கள். மூன்று ஆண்டின் பின் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் மறுபடி சேர்கிறார்கள். கடைசிக் காட்சியில் ஒருவன் தேங்காய் துருவுகிறான், மற்றவன் மீன் வெட்டுகிறான். அவ்வளவுதான். காதல் என்ற சொல் கதையில் இல்லை. ஆனால் வாசித்தவுடன் விளங்கும். எனக்கு விளங்கியது.

கதை நன்றாக இருந்தது. பிரதம ஆசிரியரிடம் கொண்டுபோகும் துணிவு எனக்கு இல்லை. பிரித்தானியர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு அப்போது என் மேசைக்கு மேலே தொங்கியதுபோல் இருந்தது. 1995 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டபோதும், பெண்களையும் உள்ளடக்கும்படி விரிந்ததேயன்றிச் சுருங்கவில்லை. (அதை நீக்கக் கோரும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 மே மாதத்தில்.) ஆனால் சட்டத்தின் மேல் பழியைப் போடுவது சரியல்ல. நான் செய்தது வேறு. அந்த இளைஞரைக் கூப்பிட்டு, முடிவை மாற்றித் தந்தால் போடலாம் என்றேன். ஒருவன் செல்லடியில் செத்துவிட்டான் என்று வைத்தால் நட்பின் சோகமாக வாசிப்பார்கள்; ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன். அந்தக் காலத்தில் செல்லடியில் சாவது கதைகளுக்கு மிக வசதியான முடிவு.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணை, சாகிறதெண்டால் அதுதானே உங்கட முன்பக்கத்தில ஒவ்வொரு நாளும் வருது" என்றார். கதையைத் திருப்பி வாங்கி, கடித உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் எங்களுக்கு எதையும் அனுப்பவில்லை.

ஹகியோவின் கதையையோ மோரி மாரியின் பெயரையோ அன்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆயினும் அவர்களைச் சூழ்ந்திருந்த அதே விதியைக் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு சொந்தமாகவே கண்டுபிடித்திருந்தேன்.

மருமகள் விட்டுச்சென்ற மூன்று புத்தகங்களில் ஒன்று யோஷினாகா ஃபுமியின் 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' யோஷினாகா 1971 இல் டோக்கியோவில் பிறந்தவர், என் வயதுக்காரர். சொந்தப் பிரசுரச் சந்தையிலிருந்து வந்து, 1994 இல் பீ.எல். சஞ்சிகையில் எழுதத் தொடங்கினார். 1999 இல் ஆரம்பித்த அவருடைய பேஸ்ட்ரிக் கடைக் கதை பெரும் வெற்றி பெற்றது. 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' 2007 இல் கொதன்ஷா நிறுவனத்தின் ஆண்களுக்கான வார சஞ்சிகையில் தொடங்கிற்று. கறாராகப் பார்ப்பவர்கள் இதை பீ.எல். என்ற தட்டில் வைக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் பயின்ற கையினால் வரைந்தது என்பதில் ஐயமில்லை.

ககெய் ஷிரோ ஒரு சட்டத்தரணி. கதை தொடங்கும்போது வயது 43. யபுகி கென்ஜி சிகையலங்காரம் செய்பவர், வயது 41. இருவரும் ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். ஷிரோ வேலை முடிந்ததும் நேரத்தோடு புறப்பட்டுச் சந்தைக்குப் போகிறார். எந்தக் கடையில் எது மலிவு என்று அவருக்குத் தெரியும். இருவருடைய மாதச் சாப்பாட்டுச் செலவை 25,000 யென்னுக்குள் அடக்கவேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். வீட்டுக்கு வந்து மூன்று நான்கு கறி வைக்கிறார். எந்த அடுப்பில் எது முதலில், எது கொதிக்கும்போது எதை நறுக்குவது என்று ஒவ்வோர் அசைவையும் யோஷினாகா வரைகிறார். கென்ஜி வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பாராட்டிச் சாப்பிடுகிறார். பெரும்பாலான அத்தியாயங்களில் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பது முதற் பார்வைக்குத்தான். ஷிரோ அலுவலகத்தில் தன்னைப் பற்றி ஒருவரிடமும் சொல்வதில்லை. கென்ஜி வேலைத்தலத்தில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறார். அதற்காக வீட்டில் சண்டை. இவர்களுக்குத் தெரிந்த இன்னொரு முதிய சோடியில் ஒருவர், தன் சேமிப்பு பெற்றோருக்குப் போகாமல் துணைவருக்கே போகவேண்டும் என்பதற்காக, அவரைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுக்கலாமா என்று ஷிரோவிடம் ஆலோசனை கேட்கிறார். திருமணத்துக்கு வழியில்லாத நாட்டில் கணவனை மகனாக்குவதுதான் வழி. இதை யோஷினாகா கண்ணீர் இல்லாமல், உணவு மேசையில், சட்ட விளக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த கறிக்குப் போய்விடுகிறார். மென்மை என்று நான் சொல்வது இந்தத் துணிச்சலை. வலியைத் தவிர்ப்பது அல்ல. வலி இருக்கும் வீட்டிலும் சோறு ஆக்கவேண்டும் என்பதை மறவாமை.

வெள்ளவத்தை அறையில் தேங்காய் துருவியவனை நான் இந்தப் புத்தகத்தில்தான் மறுபடி சந்தித்தேன். தொடர்ந்து வாசிக்க அன்றிரவு முடியவில்லை.

இரண்டாவது புத்தகம் நகமுரா அசுமிகோவின் 'வகுப்புத் தோழன்'. 2006 இல் தொடங்கியது. பாட்டுப் போட்டிக்கு வகுப்பு ஒத்திகை பார்க்கிறது. கெட்டிக்கார மாணவனான சஜோ வாய் திறவாமல் நிற்பதைக் கிற்றார் வாசிக்கும் குசகபே காண்கிறான். அகந்தை என்று நினைக்கிறான். பிறகு ஒருநாள் வெறும் வகுப்பறையில் சஜோ தனியே பாடிப் பழகுவதைக் கண்டு, கற்றுத்தருகிறேன் என்கிறான். கதை முழுவதும் இந்த அளவிலேயே நகர்கிறது. நகமுராவின் கோடுகள் மயிரிழை போல மெல்லியவை; முகங்களைவிடக் கைகள் அதிகம் பேசுகின்றன. வார்த்தை வெளிவருவதற்கு முந்திய கணத்தை நாவலாசிரியன் ஒரு பந்தியில் விவரிக்க வேண்டும். இவர் ஒரு வெற்றுக் கட்டத்தை விட்டுவிடுகிறார். வாசகரே அந்தக் கட்டத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். ஐம்பத்து நான்கு வயதில் நானும் நின்றேன்.

மூன்றாவது, சுருதானி கவோரியின் 'உருமாற்றத்தின் திண்ணை'. இது 2017 முதல் 2020 வரை வெளிவந்தது. 2022 இல் திரைப்படமாயிற்று. பீ.எல். கதை அல்ல, பீ.எல். வாசகிகளைப் பற்றிய கதை. 75 வயதான இச்சினோய் அம்மையார் கணவரை இழந்தவர். வீட்டில் எழுத்தோவியம் கற்பிப்பவர். அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு புத்தகத்தை வாங்கி வருகிறார். வீட்டில் திறந்தால் இரு பையன்கள். திகைக்கிறார், பிறகு அடுத்த தொகுதியைத் தேடிக் கடைக்குப் போகிறார். கடையில் வேலை செய்யும் 17 வயது உராரா அதே கதைகளை ஒளித்து வாசிப்பவள். பேசுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று இருவரும் மகிழ்கிறார்கள். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை ஆண்டு என்று கேள்விப்பட்டதும், தான் சாவதற்குள் இன்னும் எத்தனை தொகுதி வாசிக்க முடியும் என்று அந்த அம்மையார் கணக்குப் பார்க்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. பாத்திரங்களை விட்டு நீங்கிய சாவு கடைசியில் வாசகரிடம் வந்து நிற்கிறது.

உராரா ஒளித்து வாசிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008 இல் ஒசாகாவுக்கு அருகே சகாய் நகரப் பொது நூலகத்தில், சிலரின் முறைப்பாட்டை ஏற்று, பீ.எல். நாவல்கள் சுமார் 5,500 திறந்த தட்டுகளிலிருந்து அகற்றப்பட்டன. 18 வயதுக்குட்பட்டோருக்கு இரவல் இல்லை என்றார்கள். சமூகவியலாளர் உவெனோ சிசுகோ உட்படப் பலர் எதிர்த்ததும் நூலகம் இறங்கி வந்தது. 2021 இல் சீன ஒலிபரப்பு நிர்வாகம் பெண்மைச் சாயலுள்ள ஆண்களைத் திரையிலிருந்து விலக்கச் சொன்னது. அங்கே இவ்வகை நாவல்களிலிருந்து எடுத்த தொடர்கள் முடங்கின. ஹங்கேரியில் ஒரு பெரிய புத்தக நிறுவனத்துக்கு 2023 இல் 12 மில்லியன் போரின்ற் அபராதம் விதிக்கப்பட்டது. அலிஸ் ஒஸ்மனின் 'ஹார்ட்ஸ்டொப்பர்' என்ற மென்மையான பள்ளிக் காதல் சித்திரக்கதையை உறையிட்டு மூடாமல் வைத்ததே குற்றம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எனக்குப் பத்து வயது. ஆகையால் தட்டிலிருந்து புத்தகம் இறக்கப்படுகிறது என்ற செய்தியை, அது எந்த நாட்டுச் செய்தியானாலும், என்னால் சாதாரணமாக வாசிக்க முடிவதில்லை. அதே வேளை தாய்லாந்தில் இவ்வகைத் தொலைக்காட்சித் தொடர்கள் 2014 முதல் பெருகி, பெரிய ஏற்றுமதியாகவே ஆகிவிட்டன. அந்த நாட்டில் ஒருபால் திருமணம் 2025 ஜனவரியில் சட்டமானது. ஒன்று மற்றதன் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

சென்ற வாரம் ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் பேசினேன். புத்தகங்களை வாசித்துவிட்டேன் என்றேன். ஷிரோவும் கென்ஜியும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று, ஏதோ உறவினரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டுவிட்டேன். யோஷினாகா தன் பாத்திரங்களுக்கும் உண்மையான காலக்கணக்கிலேயே வயதேற்றுகிறார் என்பதை அப்போதுதான் மருமகள் சொன்னாள்.

"ரெண்டு பேரும் அறுபதை நெருங்குகினம் மாமா. கொழுப்பு கூடிப்போச்செண்டு எண்ணெயைக் குறைச்சிருக்கினம்" என்றாள். "மற்றத் தொகுதிகளையும் அனுப்பிவிடட்டே?"

அனுப்பச் சொன்னேன்.